காதுக்குள்ளா, காதின் மேலா? ஊவா மலைகளில் ஒலித்தரம் பற்றி ஓர் ஆய்வு

பதுளை பசார் வீதியின் கைத்தொலைபேசிக் கடைகளில் இரண்டு வகைப் பொருள்கள் அருகருகே தொங்குகின்றன. ஒன்று, காதுத்துளைக்குள் செருகிக்கொள்ளும் சின்ன ஹேண்ட்ஸ்ஃப்ரீ. மற்றது, தலைக்கு மேலே வளைந்து இரண்டு காதுகளையும் மூடிக்கொள்ளும் பெரிய ஹெட்போன். பசறை, ஹாலிஎல, ஸ்பிரிங்வெலி, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டவுணுக்கு வரும் பிள்ளைகள் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: எதில் பாட்டு நன்றாகக் கேட்கும்? பெரியதில்தான் கேட்கும் என்பது பொதுவான நம்பிக்கை. கையில் காசு இல்லாததால்தான் சின்னதை வாங்குகிறோம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. மீதிப் பாதி, கேட்கிறவர் எங்கே உட்கார்ந்து கேட்கிறார் என்பதில் இருக்கிறது. லயக் காம்பராவிலா, பஸ்ஸிலா, மலையில் கொழுந்து நிரையிலா என்று கேட்காமல் ஒலித்தரத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

பெரிய ஹெட்போனுக்கு மரியாதை வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை 1910இல் அமெரிக்கக் கடற்படை வாங்கியது. 1958இல் கோஸ் நிறுவனம் இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தது. 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் வெளியிட்ட எச்.டி. 414, பின்புறம் திறந்த ஹெட்போன்களின் தொடக்கம். இசைத்தட்டுப் பதிவுக்கூடங்களிலும் வானொலி நிலையங்களிலும் தலையில் மாட்டியவர்களையே படங்களில் பார்த்துப் பழகிய நமக்கு, அதுதான் தரமான கருவி என்று மனத்தில் பதிந்துவிட்டது.

காதுக்குள் செருகும் கருவியின் பிறப்பு வேறு வழியில் நடந்தது. செவிப்புலன் குறைந்தவர்களுக்கான கருவிகளைச் செய்தவர்களிடமிருந்து வந்தது அது. மீட் கில்லியன் என்ற செவியியல் அறிஞர் நிறுவிய எட்டிமோட்டிக் ரிசர்ச் 1991இல் ஈ.ஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்டது. மனிதக் காது எதை எப்படிக் கேட்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தவர்கள் செய்த கருவி அது. காதுக்குள் செருகுவது மலிவுக்காக மட்டும் பிறந்த வகை அல்ல என்பதற்கு இந்த ஒரு பெயரே போதும். பின்னால் கைத்தொலைபேசிப் பெட்டிக்குள் இலவசமாக வந்த கோடிக்கணக்கான தரமற்ற கம்பிகள்தான் அதன் பெயரைக் கெடுத்தன.

இனி ஒலியியலுக்கு வருவோம். பெரிய ஹெட்போனுக்குள் இருக்கும் அதிர்தகடு பெரும்பாலும் 40 முதல் 50 மில்லிமீற்றர் அகலம். காதுக்குள் போவதில் 6 முதல் 10 மில்லிமீற்றர்தான். இந்தக் கணக்கைப் பார்த்ததும் அடித்தொனி, அதாவது பேஸ், பெரியதில்தான் வரும் என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. அடித்தொனி என்பது காற்றழுத்தம் மெதுவாக ஏறி இறங்குவது. அறையின் மூலையில் வைத்த ஸ்பீக்கர் அந்த அறையின் காற்று முழுவதையும் அசைக்க வேண்டும். அதற்குப் பெரிய கூம்பு தேவை. காதுத்துளையை இறுக அடைத்த இயர்போன், செவிப்பறைக்கு முன்னால் சிறைப்பட்டிருக்கும் கொஞ்சக் காற்றை மட்டும் அழுத்தினால் போதும். அதனால் நல்ல இயர்போன் 20 ஹெர்ட்ஸ் வரையிலும்கூட தளராமல் இறங்கும். பின்புறம் திறந்த ஹெட்போன்கள் பலவற்றில் இந்த அழுத்தம் வெளியே கசிந்துவிடுவதால், அடியாழத்தில் தொனி மெலிந்துவிடுகிறது. பேஸ் கிட்டாரின் கனத்த தந்தி எழுப்பும் சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் பாடல்களில் அந்தக் கிட்டார் தனியாக ஒரு பாட்டையே பாடிக்கொண்டு போகும். அதை முழுதாகக் கேட்க விரும்புகிறவருக்குப் பெரிய ஹெட்போன் கட்டாயமில்லை.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. காது இறுக அடைபட வேண்டும். இயர்போனோடு வரும் ரப்பர் நுனிகள் மூன்று அளவில் இருப்பதை நம்மில் பெரும்பாலோர் கவனிப்பதேயில்லை. நடுவளவு நுனியோடு வாங்கி, நடுவளவு நுனியோடேயே பாவித்து, ‘சத்தம் தகரம் மாதிரி இருக்கிறது’ என்று தூக்கிப் போடுகிறோம். சின்ன இடைவெளி விழுந்தாலும் முதலில் ஓடிப்போவது அடித்தொனிதான். ஒரே ஆளுக்கு வலக்காதும் இடக்காதும் வெவ்வேறு அளவாக இருப்பதும் சாதாரணம்; ஒரு பக்கம் பெரிய நுனி, மறுபக்கம் சிறியது என்று போட்டுக்கொள்வதில் தவறே இல்லை. பெரிய ஹெட்போனுக்கும் இந்தக் கசிவு உண்டு. மூக்குக்கண்ணாடியின் கால், அடர்ந்த கூந்தல், காதிலிருக்கும் தோடு எல்லாம் மெத்தையைத் தூக்கிவிடும். ஜிமிக்கியோடு பெரிய ஹெட்போனை மாட்டி அரை மணி நேரம் இருந்த பெண்ணிடம் கேட்டால், ஒலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் காது வலியைப் பற்றித்தான் சொல்வார்.

அடுத்தது காதின் உருவம். காதுத்துளை சுமார் 25 மில்லிமீற்றர் நீளமுள்ள குழாய். குழாய் தன் நீளத்துக்கேற்ற சுரத்தை ஓங்கி ஒலிக்கும் என்பது நாதஸ்வரமும் புல்லாங்குழலும் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல; நம் காதுக் குழாய் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கிறது. வெளியே தெரியும் காதுமடலும் தன் வளைவுகளால் ஒலியைத் திருத்துகிறது. ஒலி மேலிருந்து வருகிறதா, பின்னாலிருந்து வருகிறதா என்று நாம் அறிவது பெருமளவு அந்தத் திருத்தத்தால்தான். பெரிய ஹெட்போன் நம் சொந்தக் காதுமடலைப் பயன்படுத்திக்கொள்கிறது. இயர்போன் அதைத் தாண்டி நேரே உள்ளே போய்விடுகிறது. அதனால் இயர்போனைச் செய்கிறவர், ஒரு சராசரிக் காதுமடலின் வேலையைக் கருவிக்குள்ளேயே கட்டிவைக்க வேண்டும். அந்தச் சராசரி உங்கள் காதுக்கு நெருங்கியிருந்தால் பாட்டு இயல்பாக இருக்கும். விலகியிருந்தால் பாடகரின் ‘ச’வும் ‘ஸ’வும் காதைக் குத்தும். இரண்டு பேர் ஒரே இயர்போனைக் கேட்டுவிட்டு நேர் எதிரான கருத்துச் சொல்வதற்கு இதுவே முதற் காரணம். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

ஒலிச்சமன் எப்படி இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும் என்பதை ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஒலிவ் தலைமையில் நடந்த ஆய்வுகள் 2013 முதல் படிப்படியாகக் கண்டறிந்தன. கேட்போரைக் கண்மறைவாக வைத்து, எந்தக் கருவி என்று தெரியாமல் ஒப்பிடச் செய்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பது போன்ற சமநிலையைத்தான் பெரும்பாலானோர் தேர்ந்தார்கள். காதுக்குள் போடும் கருவிக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல் அடித்தொனி பிடிக்கிறது என்றும் தெரிந்தது. விலையைப் பற்றிய சேதி இன்னும் முக்கியம். ஜெரோன் ப்ரேபார்ட் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 283 கருவிகள் அளக்கப்பட்டன. காதுக்குள் போவது, காதின்மேல் உட்காருவது, காதைச் சுற்றி மூடுவது எல்லாம் அதில் இருந்தன. கருவியின் விலைக்கும் அதன் ஒலிச்சமனுக்கும் தொடர்பு காணப்படவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல சேதி வேறில்லை.

அப்படியானால் பெரிய ஹெட்போன் எங்கே வெல்கிறது? வெளியில், அதாவது ஒலி பரந்து நிற்கும் இடவுணர்வில். இதைச் சோதிக்க நான் எடுத்துக்கொள்வது மேல்நாட்டுச் சிம்பொனியை அல்ல; மாசி மாதக் காமன் கூத்தின் பதிவை. மலையகத்தின் சொந்தக் கலை அது. அதன் உயிர் தப்பு. நெருப்பில் காட்டி இறுக்கிய தோலில் இரண்டு குச்சிகள் விழுகின்றன. தடித்த குச்சி ஒரு கனத்த அடியையும், நீண்ட மெல்லிய குச்சி சாட்டையடி போன்ற ஒரு வெடிப்பையும் தருகின்றன. இரண்டும் இமைக்கும் நேரத்துக்குள் பிறந்து மடிகின்றன. ஒலிக்கருவிக்கு இதைவிடக் கடினமான பரீட்சை குறைவு. கடையில் ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று அச்சிட்டு விற்கும் மலிவுக் கருவிகள், அது சின்னதானாலும் பெரியதானாலும், இந்தப் பரீட்சையில் உடனே தோற்றுவிடும். கனத்த அடி வீங்கிப்போய்ப் பக்கத்திலிருக்கும் எல்லாவற்றையும் விழுங்கும். மெல்லிய குச்சி காணாமற்போகும். கூத்தில் ரதியாகப் பாடுகிறவரின் குரல் கம்பளிக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருக்கும்.

நல்ல இயர்போனில் அதே பதிவு வேறு முகம் காட்டும். குச்சியின் நுனி தோலைத் தொடும் கணம், விரல் தோலை அமுக்கி ஓசையை அடக்கும் கணம், இரண்டு தப்புக்காரர்களின் அடிக்கும் நடுவிலுள்ள மயிரிழைத் தாமதம் எல்லாம் துல்லியமாகப் பிரிந்து தெரியும். ஆனால் கூத்து முழுவதும் மண்டைக்குள்ளே நடக்கும். பின்புறம் திறந்த பெரிய ஹெட்போனில் அந்தத் துல்லியத்தில் கொஞ்சம் குறையலாம். பதிலாகத் தப்பு காதிலிருந்து வெளியே போய் நிற்கும். ஆட்கள் சுற்றி நிற்கும் திறந்த வெளி, அடி எதிர்மலையில் பட்டுத் திரும்பும் சிறு எதிரொலி, இவை காதுமடலின் உதவியோடு திரும்பக் கிடைக்கும். இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், காமன் கூத்துக்கு நான் பெரிய ஹெட்போனையே எடுப்பேன். இடம் இல்லாத கூத்து பாதிக் கூத்துதான்.

பழைய பாட்டுகளுக்கு இந்த நியாயம் பொருந்தாது. கொழும்பில் 1925இல் தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் இலங்கை வானொலியாகி, 1967இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமானது. மத்திய அலையில் வந்த அந்தத் தமிழ்ச் சேவையைக் கேட்டுத்தான் லயங்களில் இரண்டு மூன்று தலைமுறை வளர்ந்தது. மத்திய அலையில் சுமார் 4500 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் வராது. ஒலியும் ஒற்றைத் தடம். டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா காலத்துப் பதிவுகளும் பெரும்பாலும் ஒற்றைத் தடமே. அவற்றை எந்த ஹெட்போனில் போட்டாலும் குரல் தலையின் நடுவே ஒரு புள்ளியில்தான் நிற்கும்; அகலம் காட்டும் கருவிக்கு அங்கே வேலையில்லை. குரல் வாழும் நடுத்தொனி சுத்தமாக இருந்தால் போதும். வீட்டிலுள்ள அம்மாயிக்கோ தாத்தாவுக்கோ வாங்குவதென்றால் மட்டும், ஒலியை விட்டு வேறு காரணத்துக்காக, மெத்தை வைத்த பெரியதை வாங்கலாம். வயதானவர்களுக்குக் காதுக் குறும்பி உள்ளே தள்ளப்படுவதும், சின்ன நுனியைச் சரியாகச் செருக முடியாததும் தொல்லை.

இதுவரை சொன்னது எல்லாம் அமைதியான இடத்தில் கேட்பவருக்கு. அந்த அமைதி நம் மலைகளில் யாருக்கு வாய்க்கிறது? லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையே ஒரு சுவர்தான். அந்தப் பக்கத்துத் தொலைக்காட்சி, இந்தப் பக்கத்துக் குழந்தை, இஸ்தோப்பில் பேச்சு, மேலே தகரக் கூரை. மழை பிடித்தால் தகரத்தின் கீழ் பக்கத்தில் இருப்பவரின் பேச்சே கேட்காது. பின்புறம் திறந்த ஹெட்போன் வெளிச் சத்தத்தைச் சிறிதும் தடுப்பதில்லை. அதுமட்டுமல்லாமல், உள்ளே ஓடும் பாட்டை அடுத்த பாயில் படுத்திருப்பவருக்கும் கொடுத்துவிடும். நான் மேலே புகழ்ந்த அந்தக் கருவி, தனி அறை உள்ளவருக்கான கருவி. மூடிய ஹெட்போன் ஓரளவு தடுக்கும், அதுவும் மேல்தொனியைத்தான் அதிகம். பஸ் எஞ்சினின் உறுமல் உள்ளே வந்துவிடும். இறுக அடைத்த இயர்போன் 20 முதல் 30 டெசிபெல் வரை தடுக்கிறது. லயத்தில் ஒலித்தரத்தை முடிவுசெய்வது இந்த ஒற்றை எண்தான் என்பது என் முடிவு. மழைக்குள் மூழ்கிய உயர்ந்த ஒலியைவிட, மழையைக் கடந்து வரும் சுமாரான ஒலி நல்லது.

பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் சுமார் 290 கிலோமீற்றர். பகல் முழுவதும் போய்விடும் பயணம். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துப் பஸ்களின் எஞ்சின் சத்தம் 80 டெசிபெல்லைத் தொடுவது சாதாரணம். சத்தம் கூடக்கூட நாம் பாட்டின் சத்தத்தையும் அறியாமலே கூட்டுகிறோம். அமெரிக்காவில் பிரையன் ஃப்ளிகோரும் டெரி ஐவ்ஸும் 2006இல் செய்த சோதனையில், விமானத்துக்குள் இருக்கும் இரைச்சல் அளவில், வெளிச்சத்தத்தைத் தடுக்காத கருவி போட்டவர்களில் 80 வீதமானோர் காதுக்கு ஆபத்தான அளவுக்குச் சத்தத்தை உயர்த்தினார்கள்; நன்றாக அடைக்கும் இயர்போன் போட்டவர்களில் 20 வீதமானோரே அப்படிச் செய்தார்கள். காதுக்குள் போவதுதான் காதைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் பிள்ளைகளை ஏசுவதில் இந்த உண்மை விடுபட்டுப்போகிறது. கெடுப்பது சத்தத்தின் அளவும் நேரமும். 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் என்றால் 88இல் 4 மணி நேரம், 91இல் 2 மணி நேரம். 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகிறது. பொழுதுபோக்குக்குக் கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். தேயிலை ஸ்டோரில் ரோலரும் மின்விசிறியும் இரையும் இடத்தில் வேலைசெய்கிறவர், அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டை ஏற்றிக் கேட்டால் இந்தக் கணக்கு மணிகளில் இருந்து நிமிடங்களாகச் சுருங்கிவிடும். அங்கே தேவை காதுக் காப்பு. இசை வீட்டுக்கு வந்த பிறகு.

இரைச்சலை எதிர்-ஒலியால் அழிக்கும் கருவிகள் இப்போது இரண்டு வகையிலும் வந்துவிட்டன. அமர் போஸ் 1978இல் விமானப் பயணமொன்றில் எண்ணியது 1989இல் விமானிகளின் ஹெட்செட்டாகி, இன்று இயர்பட்ஸ் வரை வந்திருக்கிறது. எஞ்சின் உறுமலுக்கு அது கைகண்ட மருந்து. பேச்சுக்கும் பாத்திரச் சத்தத்துக்கும் அவ்வளவு பலிக்காது. ஹப்புத்தளைக் கணவாயில் காற்று அடிக்கும் நாளில் அதன் மைக்குகள் காற்றையே பிடித்து உள்ளே உறுமவிடும்; அங்கே சாதாரண ரப்பர் நுனியே மேல்.

இனி மலைக்குப் போவோம். கொழுந்தெடுக்கும் பெண்ணின் தலையில் கூடைக் கயிறு கிடக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் துணியும் போட்டிருப்பார். அந்தத் தலையில் ஹெட்போன் வளையத்துக்கு இடமேயில்லை. சின்னது மட்டுமே சாத்தியம். இளம்பெண்கள் சிலர் நிரையில் பாட்டுக் கேட்டபடி கொழுந்தெடுக்கிறார்கள். அலுப்பான வேலைக்குத் துணை வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. முன்பு அந்தத் துணையை நிரையில் பாடிய பாட்டுகள் தந்தன. ஆனால் இங்கே நான் ஒலித்தரத்தை ஒதுக்கிவைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: மலையில் இரண்டு காதையும் அடைக்கக் கூடாது. குளவிக் கொட்டுக்கு நம் தோட்டங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. கூடு கலையும்போது பக்கத்து நிரையிலிருந்து வரும் கூச்சல்தான் ஒரே எச்சரிக்கை. லயத்தில் வரமாகத் தோன்றிய அந்த 30 டெசிபெல் தடை, இங்கே அந்தக் கூச்சலையும் தடுத்துவிடும். தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையில் தண்டவாளத்தின்மேல் நடந்து போய்வருகிறவர்களுக்கும் இதே சொல். வளைவும் சுரங்கமும் நிறைந்த பாதையில் ரயில் கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத்தான் தெரியும். மண்சரிவு எச்சரிக்கை உள்ள மழை இரவுகளிலும் காதை அடைத்துக்கொண்டு தூங்குவது கூடாது. 2014 ஒக்டோபர் 29இன் மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை. வெளியில் பாட்டு வேண்டுமென்றால் ஒரு காதில் மட்டும் போடலாம், அல்லது காதை அடைக்காத திறந்த வகையைப் பாவிக்கலாம். அடித்தொனி போய்விடும். போகட்டும்.

விலைக்கு வந்தால், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய். டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 டொலர் விலையுள்ள இயர்போன் 6000 ரூபாய். 2024இன் சம்பளத்தில் நான்கைந்து நாள் உழைப்பு. மூன்ட்ராப் சூ போன்ற, 2022 முதல் வந்த சீன இயர்போன்கள் இந்த விலைக்கே ஆய்வுகள் சொல்லும் ஒலிச்சமனுக்கு மிக நெருங்கி வருகின்றன. அதே தரத்தில் இடவுணர்வும் தரும் திறந்த ஹெட்போன் 300 டொலர் வட்டத்தில் என்றால் 90,000 ரூபாய். 66 நாள் உழைப்புக்கு மேல். அதோடு முடியாது. சென்ஹைசர் எச்.டி. 600 போன்றவற்றின் மின்தடை 300 ஓம். கைத்தொலைபேசி அதைத் தள்ள முடியாமல் திணறும், தனி ஆம்பிளிஃபயர் வேண்டும். 16 அல்லது 32 ஓம் இயர்போனுக்குச் சாதாரண கைத்தொலைபேசியே போதும்.

கம்பியா, புளூடூத்தா என்பதில் நான் கம்பியின் பக்கம். புளூடூத்தின் ஒலிச்சுருக்கம் காரணமல்ல. யூடியூபில் பாட்டுக் கேட்பவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. காரணம் வேறு: இயர்பட்ஸுக்குள் இருக்கும் சின்ன மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், அதைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. கம்பி கழற்றி மாட்டும் வகை இயர்போனில் கம்பி அறுந்தால் கம்பியை மட்டும் வாங்கலாம்.

பெரிய மூடிய ஹெட்போனை நான் யாருக்காவது கட்டாயம் வாங்கச் சொல்வதென்றால், அது நம் பாட்டுகளைப் பதிவுசெய்யக் கிளம்பும் இளைஞருக்கு. மலைநாட்டுப் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை எழுத்தில் சேர்த்துத் தந்தார். மெட்டும் குரலும் தாளமும் எழுத்துக்குள் அடங்குவதில்லை. அவற்றைப் பாடத் தெரிந்த பாட்டிமார் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்று ஒரு கைத்தொலைபேசியும் ஒரு நல்ல மைக்கும் இருந்தால் பசறையிலோ கொஸ்லந்தையிலோ ஒரு காமன் கூத்தை முழு இரவும் பதிந்துவிடலாம். தப்பின் முதல் அடியிலேயே பதிவு வெடித்துச் சிதைகிறதா, மைக்கில் காற்று அடிக்கிறதா, பாடுகிறவரின் குரல் தப்புக்குள் அமிழ்கிறதா என்று அந்த இடத்திலேயே அறிய வேண்டும். அதற்குக் காதைச் சுற்றி மூடும் ஹெட்போன் வேண்டும். திறந்த வகை உதவாது, எதிரே அடிக்கும் தப்பே காதுக்குள் வந்துவிடும். இயர்போனும் சிரமம்தான், யாராவது பேச வந்தால் ஒரு பக்கத்தைச் சட்டென்று தூக்கிக் கேட்பதற்குத் தலையில் மாட்டியதே வசதி. வீட்டுக்கு வந்து தொகுத்து முடித்ததும், அதே பதிவை 6000 ரூபாய் இயர்போனிலும், பஸ்தரிப்பிடத்துக் கடையில் கிடைக்கும் ஆக மலிவான ஹேண்ட்ஸ்ஃப்ரீயிலும் ஒருமுறை கேட்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் அதை அவற்றில்தான் கேட்கப்போகிறார்கள். மெல்லிய குச்சியின் அடி அவற்றிலும் தனியாகத் தெரிந்த பிறகே பதிவை வெளியிட வேண்டும்.